கிடை போட்ட வயலுக்கு இரண்டரை மூட்டை

விவசாய டிப்ளமா முடித்துவிட்டு இரண்டு வருஷம் சும்மா திரிந்தவன் நான். எண்பதுகளின் நடுவில், தென்காசியில் ஓர் உர நிறுவனம் நடத்திய மண் பரிசோதனைக் கூடத்தில் ஒருவழியாக வேலை கிடைத்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், அது இப்போது இல்லை. கூடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். வாடகைக்கு எடுத்த ஒரு பழைய வீடு. அடுக்களையில் ஆசிட் குப்பிகள், படுக்கையறையில் மண் காயப்போட்ட தட்டுகள், முன்னறையில் மேலாளரின் மேசை. என்னை ஆறு மாதத்துக்குத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். ஒழுங்காக இருந்தால் ஐப்பசியில் நிரந்தரம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அந்த 'ஒழுங்காக' என்ற ஒரு சொல் என்னை ஆட்டிவைத்த ஆட்டம் கொஞ்சமல்ல.

நான் சேர்ந்த மூன்றாம் வாரம் மெட்ராஸிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே வைக்கோலுக்கு நடுவில் டைப்ரைட்டர் அளவுக்கு ஓர் இயந்திரம். ஒரு மண்ணில் தழைச்சத்து எவ்வளவு இருக்கிறது என்று நாங்கள் சோதித்துக் கண்டுபிடித்த எண்ணை அதில் தட்ட வேண்டும். பயிர் என்ன, பருவம் என்ன, நிலம் எவ்வளவு என்பதையும் வரிசையாகத் தட்ட வேண்டும். பச்சை வெளிச்சத்தில் எண்கள் துள்ளும். அப்புறம் பஸ் டிக்கெட் அகலத்துக்கு ஒரு சீட்டு 'கிர்ர்' என்று வெளியே வரும். எத்தனை கிலோ யூரியா, எத்தனை தவணை, எந்தெந்த நாளில் என்று அதில் இருக்கும். முதல் சீட்டு வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இரண்டு வருஷம் படித்து, ஒரு முழுப் பக்கம் கூட்டிக் கழித்துப் போடுகிற கணக்கு அது. இரண்டு தும்மல் போடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது.

ஆரம்பத்தில் யாரும் நம்பவில்லை. கீழப்பாவூரிலிருந்து வந்த ஓர் அண்ணாச்சி வாசலில் நின்றே சொன்னார்: "உரம் விக்கிறவன் பொட்டி உரம் வாங்கத்தானவே சொல்லும்." அவருக்கு வந்த சீட்டைப் பார்த்து அவரே ஆடிப்போனார். வழக்கமாகப் போடுவதில் பாதி போதும் என்றிருந்தது. "பொட்டிக்குக் கிறுக்குப் புடிச்சிட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் மேலாளரும் முகத்தைச் சுளித்துக்கொண்டார், அவருக்கு மூட்டை விற்க வேண்டிய கவலை. எனக்கோ அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. விற்கிறவனுக்கும் பரிந்து பேசாது, வாங்குகிறவனுக்கும் பரிந்து பேசாது, இப்படி ஒரு யோக்கியமான ஆளை நான் ஊரில் பார்த்ததே இல்லை என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். எனக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் நீளம்.

அந்த வாயோடுதான் அச்சன்புதூருக்கு, என் அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்காவைக் கட்டிக்கொடுத்த இடத்தில் பெரும்பாலானவர்கள் ராணுவம், போலீஸ் என்று போனவர்கள். அத்தான் ராணுவத்தில், வடக்கே பனி கொட்டுகிற ஏதோ ஓர் எல்லையில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். அவர் பங்குக்குப் பன்னிரண்டு மரக்கால் விதைப்பாடு வயல், அதாவது ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அதுவரை அத்தானின் தம்பிதான் தன் வயலோடு சேர்த்து அதையும் பார்த்து, அக்காவுக்கு நெல்லை அளந்துகொண்டிருந்தார். அளப்பதற்கு அக்கா அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். ஐந்து வருஷம் நின்றாள். அந்த வருஷம் தை அறுப்பு முடிந்ததும், "இனி நானே பயிரு வெக்குதேன்" என்று சொல்லிவிட்டாள். வீட்டில் பெரிய சத்தம். கடைசியில் அத்தானுக்குக் கடிதம் போய், பதில் வந்து, ஒரு முடிவுக்கு வந்தார்கள். தம்பிக்காரர் அதை எல்லார் முன்னாலும் சொன்னார்.

"மதினி, இந்தக் கார் பருவம் ஒண்ணு நீங்க வெச்சுப் பாருங்க. வெளஞ்சா வயலு ஒங்க பாடு. வெளயலன்னா அப்புறம் வயலப் பத்தி நீங்க பேசக்கூடாது."

அக்கா சரி என்றாள். அவளுக்கு ஆனியில் நட்டுப் புரட்டாசியில் அறுக்கிற அந்த ஒரு பருவம்தான். அதற்குள் தன்னால் முடியும் என்று காட்டியாக வேண்டும்.

நான் போனபோது அவள் வயலில் ஆட்டுக்கிடை போட ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். கோடையில் ஆட்டுக்காரர்கள் மந்தையைக் கொண்டுவந்து வயலில் அடைப்பார்கள். ஆடுகள் போடுகிற புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கினால் அதைவிட நல்ல உரம் கிடையாது. ஐந்து நாள் கிடைக்குப் பேசியிருந்தாள். "எல்லாம் சரி, யூரியாவ எப்பிடிப் போடுறதுங்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு. கொழுந்தங்கிட்ட கேக்க மனசில்ல" என்றாள்.

"எதுக்கு அவருகிட்ட கேக்கணும்? நான் இருக்கேன், என் மிசினு இருக்கு" என்றேன்.

அவளையும், அதே தெருவில் இருந்த இன்னும் ஆறு ராணுவத்தார் வீட்டுப் பெண்களையும் முற்றத்தில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். கிடை முடிந்து நாலு நாள் கழித்து வயலில் பத்து இடத்தில் மண்ணை வெட்டி எடுத்து, கலந்து, அரைப்படி அளவு இந்தத் துணிப்பையில் போட்டு வையுங்கள் என்று ஆளுக்கொரு பை கொடுத்தேன். உண்மையில் அந்த வேலையை நான்தான் செய்ய வேண்டும். வயலுக்கு நேரில் போய் நானே மண் எடுத்து, விவரத்தாளில் 'மாதிரி எடுத்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. சித்திரை வெயிலில் ஏழு வயலை யார் சுற்றுவது?

"அந்த மண்ணை வெச்சு என்ன செய்வே?" என்று அக்கா கேட்டாள்.

"காயவெச்சு, இடிச்சு, சலிச்சு, ஆசிட்டுல போட்டுக் கொதிக்க வைப்போம்."

"கொதிக்க வைப்பியா?"

"பொகை பறக்கும்!" என்று கையை விரித்துக் காட்டினேன். பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். என் அறிவைக் கண்டு அசந்துபோனார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது ஏழு பைகளும் அக்கா வீட்டு நடையில் வரிசையாகக் காத்திருந்தன. ஏழு தாளிலும் நானே கையெழுத்துப் போட்டேன். சோதித்தோம். இயந்திரத்தில் தட்டினோம். ஏழு வீட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண். மண்ணில் தழைச்சத்து மிகமிகக் குறைவு. அக்காவின் வயலுக்கு இரண்டரை மூட்டை யூரியா என்று சீட்டு வந்தது. சுற்றுவட்டாரத்தில் ஒன்றரைக்கு மேல் யாரும் போடுவதில்லை.

அப்போது எனக்கு ஒரு கணம் உறுத்தியது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஐந்து நாள் கிடை போட்ட வயலுக்கு இரண்டரை மூட்டையா? தட்டில் காயப்போட்டிருந்த மண்ணைக்கூடத் திரும்பிப் பார்த்தேன். வெளிறிப்போய், விரலுக்கிடையில் பொலபொலவென்று உதிர்ந்தது. ஆனால் இயந்திரத்தை மூன்று தடவை தட்டிப் பார்த்தேன், மூன்று தடவையும் அதே இரண்டரை. ஏழு வயலுக்கும் ஒரே மாதிரி வருகிறது என்றால் அந்த ஊர் மண்ணே அப்படித்தான் போலிருக்கிறது என்று முடிவுகட்டினேன். பெட்டி பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு நானே சந்தேகப்படுவதா?

சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மற்ற ஆறு பெண்களும் வாங்கி மடித்து உத்திரத்தில் செருகினார்கள். அந்தச் சீட்டு அங்கேயே இருந்தது, அவர்கள் எப்போதும் போடுவதைத்தான் போட்டார்கள். அக்கா மட்டும் ஒரு தவணை விடாமல், ஒரு கிலோ குறையாமல், சீட்டில் இருந்த நாளிலேயே வேப்பம்புண்ணாக்கும் கலந்து போட்டாள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்து கடைசியில் என்னை நம்பியது என் அக்கா ஒருத்திதான்.

ஆடி பிறந்தபோது அந்த வயலைப் பார்க்க வேண்டுமே! சுற்றிலும் எல்லார் வயலும் பச்சை, அவளுடையது கரும்பச்சை. தோகை ஒவ்வொன்றும் அகலம் அகலமாய்த் தழைத்து நின்றது. அச்சன்புதூரிலிருந்து பண்பொழி போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். தம்பிக்காரரே வரப்பில் வந்து நின்று, "மதினி, வயலு கண்ணப் பறிக்கி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் சந்தோஷம் இல்லை என்று அக்கா என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவள் அப்படிச் சிரித்து நான் வருஷக்கணக்காகப் பார்த்ததில்லை. கண்படாமல் இருக்கப் புள்ளி வைத்த சட்டி ஒன்றை வயல் நடுவே கவிழ்த்து வைத்தாள்.

அந்த வருஷம் சாரல் விடவே இல்லை. குற்றாலத்தில் சீசன் கொழித்தது. தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எண்ணெய் வழியும் தலைகளும் ஈரத் துண்டுகளுமாகக் கால் வைக்க இடமில்லை. ஐந்தருவியில் எப்படித் தண்ணீர், மெயினருவியில் எப்படிக் கூட்டம் என்று சனங்கள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் குளித்துவிட்டு, அந்தக் குளிர் உடம்போடு அக்காவைப் பார்க்கப் போனேன். வெயிலே இல்லை, நாள் முழுக்கப் பொடிப்பொடியாய்த் தூறல்.

வரப்பில் இறங்கியதும் காலடியில் இருந்த ஒரு தோகையைப் பார்த்தேன். கண் வடிவத்தில் ஒரு புள்ளி, நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. பக்கத்துத் தோகையில் நாலு. அதற்கடுத்ததில் எண்ண முடியவில்லை. குலை நோய். படித்த பாடம் வரி விடாமல் மனசுக்குள் ஓடியது: இடைவிடாத தூறல், குளிர்ச்சி, அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்து. மூன்றும் சேர்ந்தால் இந்த நோய் காட்டுத்தீயாய்ப் பரவும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்து வயல்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. அக்காவின் வயல்தான் மொத்தமும் கருகத் தொடங்கியிருந்தது.

மருந்து வாங்கிவந்து அடித்தேன். அடித்த மருந்தைச் சாரல் கழுவிக்கொண்டு போனது. மறுபடியும் அடித்தேன். ஆவணியில் கதிர் வந்தது. வந்த கதிரின் கழுத்து கறுத்திருந்தது. பால் பிடித்த கதிர் தலை சாயும், இதில் ஒரு கதிர்கூடச் சாயவில்லை. வயல் முழுக்க வெள்ளைவெளேரென்று விறைத்து நின்றது. அக்கா ஒரு கதிரை உருவி, ஒவ்வொரு மணியாக நகத்தால் நசுக்கிப் பார்த்தாள்.

"ஏலே, இதுக்குள்ள ஒண்ணுமில்லயே" என்றாள். இன்னொரு கதிரை உருவினாள். "இதுலயும் இல்லயே." வரப்பு நெடுகப் போய்ப் போய் உருவிப் பார்த்தாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் அழவில்லை, உருவிக்கொண்டே போனாள்.

ஊரில் கண் பட்டுவிட்டது என்றார்கள். எனக்கு அது போதவில்லை. அறுப்பு என்ற பெயரில் வைக்கோலை அள்ளிய பிறகு, வயலின் ஒரு மூலைக்குப் போனேன். கிடை போட்டிருந்தும் நாற்றுப் பற்றாக்குறையால் நடவும் இல்லாமல் உரமும் இல்லாமல் விட்ட மூலை அது. இந்தத் தடவை நானே மண்வெட்டி எடுத்து வெட்டினேன். கூடத்துக்குக் கொண்டுவந்து தட்டில் கொட்டினேன். கன்னங்கரேலென்ற கட்டி மண். உடைத்தால் உடையாத களிமண். இதையா நான் விரலுக்கிடையில் பொலபொலவென்று உதிர்த்தேன்?

சோதித்து முடிந்த மண்ணில் மிச்சத்தை ஒரு வருஷம் எடுத்துவைப்பது எங்கள் வழக்கம். அலமாரியிலிருந்து அக்காவின் பையை எடுத்துப் பக்கத்தில் கொட்டினேன். வெளிறிய மணல் மண், நடுவில் உடைந்த நத்தை ஓடுகள். அடுத்த வீட்டுப் பையைக் கொட்டினேன். அதே மணல், அதே நத்தை ஓடு. மூன்றாவது, நான்காவது, ஏழாவது வரை கொட்டினேன். ஏழும் ஒரே மண். ஏழு வீட்டு வயலும் ஒன்றுக்கொன்று ஒரு மைல் தூரம்கூட இருக்கும், எப்படி எல்லாம் ஒரே மண்ணாக இருக்கும்? மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். புது மண்ணைச் சோதித்து இயந்திரத்தில் தட்டினேன். ஒரு மூட்டைகூட வேண்டாம் என்று சீட்டு வந்தது.

அப்படியானால் பெட்டி இரண்டு தடவையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. கேட்ட மண்ணுக்குச் சரியான பதில். அது எந்த மண் என்று பார்க்க வேண்டிய ஆள் நான்.

மறுநாளே அக்காவிடம் போய் நின்றேன். "அந்தப் பையில எந்த எடத்து மண்ணப் போட்டுக் குடுத்தே?"

அவள் உலையை இறக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "மதகுக்கு மேல கால்வாக் கரையில."

"வயல்ல எடுக்கத்தானே சொன்னேன்!"

"நீதானலே சொன்னே, ஆசிட்டுல போட்டுக் கொதிக்க வைப்போம், பொகை பறக்கும்னு. அவுக அங்கன எல்லையில நிக்கிறப்போ, அவுக வயலு மண்ணத் தூக்கிக் குடுத்துக் கொதிக்க வைக்கச் சொல்லுதியா? இந்தத் தெருவுல எவளும் குடுக்க மாட்டா. பட்டாளத்துக்குப் போனவுக திரும்பி வார வரைக்கும் அவுக மண்ண ஊரு தாண்ட விடக்கூடாதுல்லா. எல்லாருமாச் சேந்துதான் கரையில போயி அள்ளினோம்."

அந்தத் தெருவில் அப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. அத்தனை வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது.

"சரி, வேற மண்ணக் குடுத்தோமேன்னு தெரியும்லா, பெறவு ஏன் அந்தச் சீட்டுப்படி போட்டே?"

"எல்லாம் இந்த ஊரு மண்ணுதானேன்னு நெனச்சேன். வித்தியாசம் இருந்தா என் தம்பி படிச்சவன், பையத் தொறந்ததும் கண்டுபிடிச்சிருவான்னு நெனச்சேன்."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை என்பதுதான் மோசம்.

புரட்டாசிக் கடைசியில் அத்தான் லீவில் வந்தார். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒரு நாள் காலையில் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். நடுவீட்டில் அத்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தம்பிக்காரர் சுவரோடு சாய்ந்து நின்றார். அக்கா அடுக்களை நிலைப்படியில். அத்தான் நல்ல மனுஷன், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். என்ன நடந்தது என்று நிதானமாகக் கேட்டார்.

தம்பிக்காரர் முந்திக்கொண்டார். "இவன் ஆபீஸ்ல குடுத்த சீட்டுதான் எல்லாத்துக்கும் காரணம். அந்தச் சீட்ட எடுங்க மதினி. நாளைக்கே தென்காசிக்குப் போயி அந்த மேனேஜர் மூஞ்சில வீசி என்னான்னு கேட்டுட்டு வாரேன்."

சீட்டோடு அவர் போனால் மேலாளர் விவரத்தாளை எடுப்பார். மாதிரி எடுத்தவர் என்று என் கையெழுத்து ஏழு தாளில் இருக்கிறது.

அத்தான் கையமர்த்தினார். "இருலே. மிசினு தப்பாச் சொல்லியிருந்தா அது இவ குத்தமில்ல. வயலு இவகிட்டயே இருக்கட்டும், அடுத்த தடவை பாப்போம். இவளா எதையும் செஞ்சிருந்தாத்தான் யோசிக்கணும்." அக்கா பக்கம் திரும்பினார். "சீட்டுல இருந்தபடிதானே போட்டே?"

அக்கா என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான்.

"இல்ல" என்றாள். "சீட்டுல கம்மியாத்தான் இருந்துது. நல்லா வெளயட்டும்னு நாந்தான் கூட அள்ளிப் போட்டேன். சீட்டத் தொலைச்சிட்டேன்."

என் காதுகளை நான் நம்பவில்லை. ஒரு கிலோ கூடக் குறையாமல் போட்டவள் அவள். தராசு இரவல் வாங்கி நிறுத்துப் போட்டவள். சீட்டு அவள் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். கால்வாய்க் கரை மண் கதையைப் புருஷன் முகத்துக்கு நேரே, 'நீங்க செத்துருவீயளோன்னு பயந்தேன்' என்று அவளால் சொல்ல முடியாது, அது எனக்குப் புரிந்தது. ஆனால் இது வேறு. தலையைக் கொண்டுபோய்த் தானே கொடுக்கிறாள்.

அத்தான் என் பக்கம் திரும்பினார். "அப்பிடியா மாப்ளே?"

இல்லை அத்தான், அவள் நான் சொன்னதைத்தான் போட்டாள், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். பத்து வார்த்தைகூட இல்லை. கீழப்பாவூர் அண்ணாச்சியிடமும் பஸ்ஸில் போகிறவனிடமும் ஓயாமல் பேசிய வாய் இது.

"ஆமா அத்தான்" என்றேன்.

வயல் அன்றைக்கே தம்பிக்காரர் கைக்குப் போனது. அடுத்த பருவமான பிசானத்துக்கு நாற்றங்கால் உழுதது அவருடைய மாடுகள்தான். அக்கா மறுபடி அவர் வீட்டு வாசலில் போய் நின்று நெல் அளந்து வாங்கினாள். எனக்கு ஐப்பசியில் நிரந்தர உத்தரவு வந்தது. மேலாளர் கைகொடுத்தார். அந்தக் கையை நான் சட்டையில் துடைத்துக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதன் பிறகு அக்கா என்னிடம் முகம் மாறவில்லை. போனால் சோறு போட்டாள், ஊர்க்கதை பேசினாள். வயலைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசியதில்லை. நான் எல்லா வயலுக்கும் நானே நடந்து போய் மண் எடுத்தேன், பையில் இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் ஓர் எண்ணையும் தட்டியதில்லை. என்னை வேலையில் கெட்டிக்காரன் என்றார்கள்.

மூன்று வருஷம் கழித்து, ஒரு சீசனில் அத்தானும் அக்காவும் பிள்ளைகளும் நானுமாகக் குற்றாலத்துக்குப் போனோம். அத்தான் பிள்ளைகளோடு அருவியில் நின்றார். நானும் அக்காவும் படியில் உட்கார்ந்திருந்தோம், அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு ஏன் அப்பிடிச் சொன்னே?" என்று கேட்டுவிட்டேன்.

அவளுக்கு எதைக் கேட்கிறேன் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கொழுந்தன் ஆபீஸ்ல வந்து நின்னா ஒன் வேல போயிருமேன்னுதான். எனக்கு அந்த நேரத்துல வேற ஒண்ணும் தோணல" என்றாள். துண்டைப் பிழிந்தாள். பிழிந்த பிறகும் அதை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அவுக ஒங்கிட்ட கேட்டப்போ, நீ இல்லன்னு சொல்லிருவேன்னுதான் நெனச்சேன்" என்றாள். "நீ ஆமான்னதும் எனக்குக் கொஞ்ச நேரம் ஒண்ணும் வெளங்கலலே."

அத்தான் கீழேயிருந்து கையசைத்துக் கூப்பிட்டார். அவள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.